முசுபி கட்டப் போகிறவர்களுக்கு

1. முதலில் அரிசியைப் பாருங்கள். பிடித்த சோற்றின் மேல் ஸ்பாம் என்ற டப்பா இறைச்சித் துண்டை வைத்துக் கடற்பாசித் தாளால் கட்டுவதுதான் ஸ்பாம் முசுபி. பேரைக் கேட்டதும் எல்லோருக்கும் கண் அந்த டப்பா இறைச்சி மேல்தான் போகும். அது டப்பாவுக்குள்ளேயே வெந்து வந்தது; நீங்கள் கெடுக்க அதில் அதிகம் இல்லை. கெட்டால் சோற்றில்தான் கெடும். பொன்னியும் பாசுமதியும் உதிர்ந்துவிடும். ஹவாய் வீடுகளில் வடிப்பது கால்ரோஸ் என்ற கலிபோர்னியா அரிசி. கிடைக்காவிட்டால் சுஷி அரிசி என்று விற்பதை வாங்குங்கள்.

2. நாலைந்து தண்ணீரில் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். குக்கர் அணைந்ததும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், பத்து நிமிடம் புழுங்கட்டும். உப்பு வேண்டாம், ஸ்பாமிலும் ஷோயு என்ற சோயா சாஸிலும் இருப்பதே தாராளம். வினிகரும் வேண்டாம், நீங்கள் செய்வது சுஷி இல்லை.

3. முசுபியின் அளவு தெரியவில்லை என்றால் இது யாருடைய சாப்பாடு என்று யோசியுங்கள். 1885 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கிய ஜப்பானியர்கள் சோற்றை உருட்டிப் பிடித்து வேலைக்கு எடுத்துப்போனார்கள். ஸ்பாம் 1937இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தோடு அந்தத் தீவுகளில் வந்து குவிந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 1980களின் தொடக்கத்தில் முதலில் கடையில் விற்றவர் கவாய் தீவின் பார்பரா ஃபுனாமுரா என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆக, ஒரு கையில் பிடித்துத் தின்கிற பண்டம் இது. தட்டு, முள்கரண்டி, மேலே கொத்தமல்லித் தூவல் எல்லாம் தேவையில்லை. இறைச்சியைவிடச் சோறு இரண்டு மடங்கு உயரம் இருந்தால் சரி.

4. 340 கிராம் ஸ்பாம் டப்பாவில் எட்டுத் துண்டு. அதற்கு மேல் மெலிதாக்கினால் வற்றல்தான். எண்ணெய் விடாதீர்கள், அதன் கொழுப்பே போதும். இரண்டு பக்கமும் ஓரம் சிவந்த பிறகு தீயைக் குறைத்து, ஷோயுவும் சர்க்கரையும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். முன்னாலேயே ஊற்றினால் சர்க்கரை கருகிக் கசக்கும். பாகு முதலில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும். குமிழ் பொடிசாகி, துண்டை அசைத்தால் கூடவே பாகும் இழுபடும். அந்த நொடியில் இறக்க வேண்டும்.

5. அச்சு வாங்க ஓடாதீர்கள், காலி டப்பாவே அச்சு. விளிம்பு கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை. உள்ளே பிளாஸ்டிக் தாளை வெளியே தொங்கும்படி விரித்து, சூடான சோற்றைப் போட்டு ஈரக் கரண்டியால் அழுத்துங்கள். தாளைப் பிடித்துத் தூக்கும்போது மூலை உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை. பருக்கை தெரியாமல் களியாகிவிட்டால் கூடிப்போயிற்று.

6. ஃபுரிகாகே என்ற ஜப்பானியச் சோற்றுத் தூவல் இருந்தால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் நடுவே தூவுங்கள். இல்லையென்றால் வறுத்த எள்.

7. நோரி என்ற கடற்பாசித் தாளின் பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். சுற்றி, முனையை அடியில் வையுங்கள். சோற்றின் ஈரமே ஒட்டிவிடும். நோரி மொறுமொறுப்பாக இல்லையே என்று பலர் வருந்துகிறார்கள். ஜப்பானியக் கடைகளில் நோரியைச் சோறு தொடாமல் தனி உறையில் வைத்து விற்பது உண்டு. ஹவாய் கடைகளில் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி இளஞ்சூட்டில் வைத்திருப்பார்கள். நோரி தளர்ந்து சோற்றோடு சேர்ந்திருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், கடித்தால் கூடவே அறுந்து வரும்.

8. ஃபிரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துப்போகும். காலையில் கட்டியதை மதியத்துக்குள் தின்றுவிடுங்கள்.

9. பன்றி இறைச்சி ஆகாதவர்களுக்கு வான்கோழி ஸ்பாம் இருக்கிறது. சைவர்கள் கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனம் வைத்து நீரை வடித்துவிட்டு, அதே பாகில் புரட்டலாம். இதற்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும்.