ஒன்பதாவது வளைவு

பண்ணாரியில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் திம்பம் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். உள்ளே நாங்கள் வெந்தோம். இன்ஜின் சூடு அந்த வழியாக வெளியேறி முள் ஒரு கோடு இறங்கியது. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்தேன். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவில்லை. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகினால் முகத்தில் பீறிடும்.

வண்டி 2009 மாடல். முதலில் பார்த்த மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போச்சுங்க. முப்பதாயிரம் ஆகும். பேசாம வித்துருங்க" என்றார். வாங்குவதற்கு ஆளும் அவரே வைத்திருந்தார். அதுதான் உறுத்தியது.

கோபியில் ஒரு பெரியவர், "தண்ணி எங்கீங்க போகுது?" என்றுதான் ஆரம்பித்தார். ஆயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். தண்ணீர் கலந்திருந்தால் பால் காபி நிறத்தில் ஏடு படிந்திருக்கும், இல்லை. கூலன்ட் டப்பாவில் குமிழி இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. "டிராஃபிக்ல நிக்கறப்ப சூடானா ஃபேனைப் பாருங்க. மேடேறறப்ப ஆனா ரேடியேட்டரைப் பாருங்க." கழற்றிக் கவிழ்த்தார். துருவும் வெள்ளை வெள்ளையாக உப்புச் செதிலும் கொட்டின. எல்லாம் நான் ஊற்றியதுதான். கூலன்ட்டுக்கு எதற்குக் காசு என்று மூன்று வருடமாக வீட்டு போர்வெல் தண்ணீர். தெர்மோஸ்டாட்டையும் யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள் (அது இல்லாவிட்டால் வண்டி குளுகுளுவென்று ஓடும் என்று நம்புகிறவர்கள் நம்மூரில் அதிகம்). கூலியோடு 8,400 ரூபாய் ஆனது.

செலவு குறைந்ததால் மட்டும் வண்டியை வைத்துக்கொள்ளவில்லை. பெரியவர் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தார். எங்கும் பொத்தல் விழவில்லை. இன்ஜினைப் பிரித்துப் பூட்டலாம். அரித்துப்போன தளத்தை எத்தனை முறை பற்றவைப்பது? 15 வருட ஆர்சி முடிய ஒரு வருடம்தான் இருந்தது. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. எஃப்சிக்கு டயர், பெயின்ட், பசுமை வரி எல்லாம் தனி. அத்தனையும் சேர்த்தும், இன்னொரு பழைய கார் எடுத்தால் கட்டவேண்டிய நாலு மாதத் தவணைக்குள் அடங்கியது. ஹெட் வளைந்திருந்தால் மட்டும் கொடுத்திருப்பேன். சூட்டில் வளைந்த அலுமினிய ஹெட்டை லேத்தில் மட்டம் பிடித்துப் போட்டாலும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வராது.

என் மனைவிக்கோ வண்டி மேலேயே நம்பிக்கை வரவில்லை. ஈரோடு வரை ஏறுவாள், மலைக்கு மாட்டேன் என்றுவிட்டாள். போன மாதம் தாளவாடியில் ஒரு கல்யாணம். வாடகைக் காரில் போனோம். ஒன்பதாவது வளைவில் இருவரும் ஒரே நேரத்தில் எட்டி டிரைவர் முன்னாலிருந்த முள்ளைப் பார்த்தோம்.