அடுப்படி மேடைக்கு எந்தக் கல்?



சங்கக் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம், பழைய வீட்டைச் செப்பனிடுகிறோம். கைக்காசு கரைந்து போன கடைசி நேரத்தில்தான் சமையல் மேடைக் கல் வாங்கப் போகிறோம். அவசரத்தில் ஏமாந்தும் விடுகிறோம்.

எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், வெள்ளை வெளேர்னு இருக்கேன்னு ஆசைப்பட்டு மார்பிள் போட்டார். ஒரே மாதத்தில் புளித்தண்ணி சிந்திய இடமெல்லாம் திட்டுத் திட்டாக மங்கிவிட்டது. "தேய்ச்சுத் தேய்ச்சு கைதான் வலிக்குது அக்கா, கறை போகலை. கடன் மட்டும் இன்னும் பதினாலு தவணை பாக்கி" என்று கூட்டத்தில் கண் கலங்கினார். அது கறையே இல்லை. புளிப்பு கல்லை அரித்த தடம். மறுபடி பாலிஷ் போட்டால்தான் சரியாகும். அந்தத் தவறு நமக்கு நேராமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

மூன்று வகைக் கல்

கிரானைட்: நம் கிருஷ்ணகிரி, தருமபுரி, மதுரைப் பக்கம் வெட்டி எடுப்பது. மிகவும் கெட்டியானது. புளி, எலுமிச்சை, மோர் எதுவும் அரிக்காது. அடுப்பு மேடைக்கு ஏற்றது இதுதான்.

கடப்பா கல்: ஆந்திராவின் கடப்பா பெயரால் வழங்கும் கறுப்புக் கல். இது சுண்ணாம்புக்கல் வகை. விலை குறைவு. ஆனால் புளிப்பு பட்டால் மங்கும். அலமாரித் தட்டுக்குப் போடலாம்.

மார்பிள்: தாஜ்மகால் கட்டிய மார்பிள் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. பார்க்க அழகு. இதுவும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து உருவானதுதான். தினமும் புளி கரைக்கிற நம் அடுப்படிக்கு ஒத்துவராது. குளியலறையில் போட்டாலும், கழுவுகிறோம் என்று ஆசிட் ஊற்றினால் கெட்டுப்போகும்.

வாங்கும் முன் சோதனை

1. கடையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறும், மறுபக்கம் எண்ணெயும் மஞ்சளும் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கழுவிப் பாருங்கள். சாறு பட்ட இடம் மங்கினால் அந்தக் கல் மேடைக்கு வேண்டாம். எண்ணெயை உறிஞ்சிக் கறுத்தாலும் வேண்டாம். வெளிர் நிறக் கல்லில் மஞ்சள் கறை சீக்கிரம் தெரியும்.

2. கல்மேல் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கலாம்.

3. நாணயத்தால் தட்டுங்கள். கணீர்னு கேட்டால் நல்லது. சத்தம் அடங்கிக் கேட்டால் யோசியுங்கள்.

4. அட்டக் கறுப்பாக இருந்தால், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய கல்.

கணக்கில் கவனம்

ஒரு சுவரில் 8 அடி, அடுத்த சுவரில் 6 அடி, அகலம் 2 அடி என்று மூலையில் திரும்பும் மேடை என வைத்துக்கொள்வோம். 8-ஐயும் 6-ஐயும் கூட்டி 2-ஆல் பெருக்கினால் 28 சதுர அடி வரும். இதில் மூலை இரண்டு முறை கணக்காகிறது. சரியான அளவு 16 + 8 = 24 சதுர அடிதான். 4 சதுர அடிக்கான பணம் நம் தவணைப் பணம் அல்லவா? வெட்டும்போது சேதாரம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால், எவ்வளவு என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். ஓரம் மழிக்கிற கூலி, சிங்குக்குத் துளை போடுகிற கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் முன்பே கேட்டு பில் வாங்குங்கள்.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை

மேடை உயரம் சமைப்பவருக்கு ஏற்றபடி இருக்கட்டும். நிமிர்ந்து நின்று கையை மடக்கினால், முழங்கைக்கு அரைச் சாண் கீழே மேடை வர வேண்டும். இல்லையென்றால் நமக்குத்தான் இடுப்பு வலி. சிங்கு வரும் இடத்தில் கல் மெலிவதால் அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். கல்லை வீட்டுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றித்தான் அறுக்க வேண்டும். கிரானைட் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அறுப்பவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கூட்டத்தில் பேசுவோம்

* வீட்டுக் கடன் கேட்கும்போது மேடைச் செலவையும் சேர்த்துத் திட்டம் போடுகிறோமா?
* கல் எடுக்கப் போகும் உறுப்பினருடன் இன்னும் இருவர் துணைக்குப் போனால் என்ன?
* நம் வீட்டு மேடை நம் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா? இன்றே அளந்து பாருங்கள்.

தினம் மூணு வேளை நாம் நிற்கிற இடம் அது. அதற்கான கல்லை நாமே பார்த்து, தட்டி, அளந்து வாங்குவோம்!