நட்சத்திரம் பார்க்க அமாவாசைதான் வேண்டுமா?

ஒரகடம் ஆலைகளை ஒட்டிய வடக்குப்பட்டில், மொட்டை மாடியில் நின்று வானம் பார்க்க விரும்புவோருக்கு வழிகாட்டி சுவரிலேயே தொங்குகிறது. தினசரி காலண்டரில் திதியைப் பார்த்தால் போதும். ஆனால் திதியைச் சுற்றிச் சில தவறான எண்ணங்களும் உலவுகின்றன.

நம்பிக்கை: அமாவாசையில் மட்டுமே நட்சத்திரங்களை நன்றாகப் பார்க்க முடியும்.

உண்மை: நிலா எப்போது உதிக்கிறது, எப்போது மறைகிறது என்பதே கணக்கு. அது நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டித்தான் வரும். ஆகவே அன்று முதல் அமாவாசை வரை முன்னிரவு முழுக்க இருட்டு. வளர்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டி நிலா மறைந்துவிடும். இரவு ஷிப்ட் முடித்துத் தாமதமாக வீடு திரும்புபவருக்கு அதுவே நல்ல நேரம்.

மகா சிவராத்திரி இதற்கு அருமையான நாள். மாசித் தேய்பிறை சதுர்த்தசியில் நிலா விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். மழைக்காலம் முடிந்து வானமும் தெளிந்திருக்கும். முன்னிரவில் தெற்கே, அடிவானிலிருந்து சுமார் 24 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம் ஒளிரும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை.

நம்பிக்கை: தொலைநோக்கியில் நிலாவைப் பார்க்கப் பௌர்ணமியே சிறந்தது.

உண்மை: பௌர்ணமியன்று வெயில் நேராக விழுவதால் அங்கே நிழலே இருக்காது, மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே தாலமி, அல்போன்சஸ், அர்சாகெல் என மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தாலமியின் குறுக்களவு மட்டும் சுமார் 150 கி.மீ. அல்போன்சஸின் நடுவே ஒரு சிகரம் வெயிலில் தனியாக மின்னும்.

நம்பிக்கை: பௌர்ணமியில் வேறெதுவும் தெரியாது.

உண்மை: பால்வீதியும் நெபுலாக்களும்தான் மங்கிப்போகும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் சனியின் வளையத்தையும் சிறு தொலைநோக்கியிலேயே பார்க்கலாம். அரைநிலாவின் வெளிச்சம் முழுநிலாவில் பாதி என்று நினைப்பதும் தவறு. அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

நம்பிக்கை: அமாவாசை வந்துவிட்டால் எங்கிருந்தும் பால்வீதி தெரியும்.

உண்மை: நிலா இல்லாவிட்டாலும் வடக்குப்பட்டில் ஹைமாஸ்ட் விளக்குகள் எரிகின்றன. வடகிழக்கே சென்னையின் ஒளி வேறு. தூசியும் ஈரக்காற்றும் அந்த வெளிச்சத்தை வானமெங்கும் பரப்புகின்றன. நகர வெளிச்சம் எட்டாத இடம் தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வானாய்வகம் அமைக்க ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது.

எனவே வடக்குப்பட்டில் இருந்தபடி நிலா, கோள்கள், பிரகாசமான நட்சத்திரங்களைப் பாருங்கள். பால்வீதிக்கு, தேய்பிறையின் கடைசி வாரத்தில் மலைப்பக்கம் போங்கள். ஆலை நிர்வாகங்களும் ஊராட்சியும் விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்ப வேண்டும். சாலைக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்.