கடை கட்டும் முன், வண்டி நிறுத்தும் முன்

தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, சித்தூர் பக்கம் இருப்பவர்களே, மனு எழுத மலையாளம் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் போன்ற மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை இது, தயங்காமல் கேளுங்கள்.

இடுக்கியில் வீடோ கடையோ கட்டுவதென்றால் முதலில் பட்டாவை எடுத்துப் படியுங்கள். 1964ஆம் ஆண்டு கேரள நில ஒதுக்கீட்டு விதிப்படி தந்த பட்டா பெரும்பாலும் விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும்தான். அந்த நிலத்தில் லாட்ஜ் கட்டக் கடன் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. மூணாறைச் சுற்றிய கண்ணன்தேவன் மலை, பள்ளிவாசல், சின்னக்கானல் முதலான கிராமங்களில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அது கையில் வரும்வரை அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

கடை, விடுதிக்கான வரைபடத்தில் வாகன நிறுத்துமிடத்தைக் காட்டுங்கள். பிறகு அதை அடைத்துக் குடோன் ஆக்காதீர்கள்.

தெருவில் பார்க்கிங் தொல்லையா? பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய கிராம சபையிலும் எழுந்து பேசுங்கள். பதிலே இல்லையென்றால் தகவல் உரிமை மனு போடுங்கள், அதற்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள்தான் கெடு.