முற்றத்து மழைநீர் எங்கே போகிறது?



சரக்கின் தரம், எடை, விலை, வரி என்று நாம் எவ்வளவோ பேசுகிறோம். நம் குடோனுக்கு முன்னால் லாரியும் டெம்போவும் வாடிக்கையாளர்களின் வண்டிகளும் நிற்கிற காலி இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிணறு கெட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

நான் செய்த தவறு

2003-ஆம் ஆண்டு தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையில் குடோன் வைத்திருந்த நானும் ஆர்வத்தோடு ஏற்பாடு செய்தேன். தண்ணீர் தானாக ஓடி வந்து சேருகிற இடத்தில் குழி எடுத்தால் குழாய்ச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, முற்றத்தின் தாழ்ந்த மூலையில் உறிஞ்சு குழி வெட்டினேன். லாரிகள் சரக்கு இறக்க நிற்பதும் அதே மூலைதான். கிணறு அங்கிருந்து 15 அடி தூரம்கூட இல்லை.

2005-ஆம் ஆண்டு அடைமழை உங்களுக்கு நினைவிருக்கும். அது விட்ட சில வாரங்களில், எங்களுக்கு டீ போடுகிற அம்மா வந்து, "முதலாளி, தண்ணியில டீசல் வாடை அடிக்குது" என்றார். பாத்திரத்தை நன்றாகக் கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் சுமைத் தொழிலாளர்களில் மூத்தவர் ஒரு வாளித் தண்ணீரை இறைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீரின் மேல் பல நிறத்தில் எண்ணெய்ப் படலம் மின்னியது. அந்தத் தண்ணீரைத்தான் 14 பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே அந்தக் குழியின் வாயை அடைத்தேன். கூரைத் தண்ணீருக்கு மறுபக்கத்தில் வேறு குழி எடுத்தேன். கிணற்று நீர் பழைய நிலைக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். அந்தச் செலவு பெரிதல்ல. டீசல் கலந்த தண்ணீரை அவர்கள் எத்தனை நாள் குடித்தார்கள் என்ற கேள்விதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

முற்றத்தில் என்ன சேருகிறது?

ஒவ்வொரு வண்டியும் நிற்கிற இடத்தில் எதையாவது விட்டுவிட்டுப் போகிறது. இஞ்சின் ஆயில், டீசல், கிரீஸ் சொட்டுகிறது. பிரேக் தேய்ந்து விழும் தூளில் செம்பு உண்டு. டயர் தேய்ந்த தூளில் துத்தநாகம் உண்டு. இவற்றோடு நம் பங்கும் சேருகிறது: கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய அரிசி, பருப்பு, கல் உப்பு, ஒழுகிய டின்னிலிருந்து எண்ணெய், உருகிய வெல்லம், சாக்குத் தூசி, பிளாஸ்டிக் கயிறு.

மழை இல்லாத மாதங்களில் இவை தரையிலேயே கிடக்கும். முதல் மழை வந்ததும் மொத்தமாக அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையின் ஓட்டம் மிகவும் அழுக்காக இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 10 சென்ட் முற்றம் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். அதில் 2 சென்டி மீட்டர் மழை பெய்தால் சுமார் 8,100 லிட்டர். சிமெண்ட் தரையானால் பெரும்பகுதி ஓடித்தான் தீரும்.

எங்கே ஓடுகிறது?

பலர் எண்ணுவது போல இது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. சென்னையில் பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. சாக்கடையைக் குடிநீர் வாரியம் பார்க்கிறது. வடிகாலை மாநகராட்சி பார்க்கிறது. வடிகாலில் விழுவது கூவத்துக்கோ, அடையாற்றுக்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்க் கடலில் சேரும். நடுவில் அதைச் சுத்தம் செய்கிற ஏற்பாடு இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியதையும், மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப் போனதையும் பார்த்தோம். அது பெரிய தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வந்தது. நம்முடையது சொட்டுச் சொட்டாகப் போகிறது. ஆனால் போகிற வழி ஒன்றுதான். சிறு துளி பெரு வெள்ளம் என்பது எண்ணெய்க்கும் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கழுவித் தள்ளாதீர்கள், கூட்டி அள்ளுங்கள். காலையில் குழாயைப் பிடித்து முற்றத்தைக் கழுவிவிடுவதுதான் சுத்தம் என்று நான் 30 வருடம் நினைத்திருந்தேன். கழுவினால் நம் அழுக்கு வடிகாலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. உலர்ந்த தரையைக் கூட்டி, முறத்தில் அள்ளிக் குப்பையில் சேருங்கள். விளக்கு வைத்தபின் கூட்டுவதில்லை என்பது நம் வழக்கம். கடைசி லாரி போனதும் பொழுது சாய்வதற்குள் கூட்டிவிட்டால் வழக்கமும் கெடாது, இரவு மழைக்கும் பயமில்லை.

2. ஆயில் சிந்தினால் உடனே உமி அல்லது மரத்தூளைத் தூவுங்கள். ஊறியதும் கூட்டி, மூடி போட்ட டிரம்மில் தனியாக வையுங்கள். பீடி நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது. சோப்புத் தூள் போட்டுத் தேய்க்காதீர்கள். தரையில் கறை மறையும், ஆனால் ஆயில் நுண்துளிகளாக உடைந்து இன்னும் சுலபமாகத் தண்ணீரோடு போய்விடும்.

3. ஒழுகுகிற வண்டிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். முற்றத்தில் ஆயில் மாற்ற டிரைவர்களை அனுமதிக்காதீர்கள். நம் சொந்த வண்டியின் பழைய ஆயிலை, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்க வேண்டும்.

4. சமையல் எண்ணெய்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதுவும் வடிகாலில் படிந்து அடைப்பை உண்டாக்கும். சிந்திய தானியமும் வெல்லமும் அங்கே அழுகித் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பிறகு நாற்றம், எலி, கொசு என்று எல்லாம் நம் கடைக்கே திரும்பி வரும்.

5. பினாயில், பிளீச்சிங் பவுடர், பூச்சி மருந்து ஆகியவற்றை இறக்கியவுடன் கூரைக்குள் பலகை மேல் ஏற்றிவிடுங்கள். திறந்த முற்றத்தில் ஓர் இரவுகூட வைக்கக்கூடாது.

6. வடிகால் வாயில் கம்பி வலையும், அதற்கு முன்னால் மண் தங்க ஒரு சிறு தொட்டியும் அமையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் மாதத்திலேயே அந்தத் தொட்டியை வாரிவிடுங்கள். வாராத தொட்டி இருந்தும் பயனில்லை.

7. உறிஞ்சு குழிக்குக் கூரைத் தண்ணீரை மட்டும் விடுங்கள். லாரி நிற்கிற இடத்துத் தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இறக்காதீர்கள். என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம்.

செலவு எவ்வளவு?

ஓர் ஆளுக்குத் தினம் அரை மணி நேர வேலை, ஒரு மூட்டை உமி, ஒரு டிரம். இதற்கு மேல் பெரிய செலவில்லை. தனியாகச் செய்ய முடியாத சிறு கடைக்காரர்கள் தெருவுக்கு ஒரு டிரம், ஓர் ஆள் என்று சேர்ந்து செய்யலாம். சங்கம் முன்னின்றால் ஒரு மாதத்தில் ஏற்பாடு ஆகிவிடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுப் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ விடுவது தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் இதை எழுதவில்லை. அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட அந்த வாளியை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இன்று மாலை கடை கட்டுமுன் ஒரு முறை உங்கள் முற்றத்தைச் சுற்றிப் பாருங்கள். கறை எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, கிணறோ போரோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.