தீராத மிஸ்ஸிங்: ஓர் இளம் மெக்கானிக்குக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காய்கறி வியாபாரி ஒருவருடைய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஷார்ஜாவில் உன் பட்டறைக்கு வந்திருக்கிறது என்றும், அது ஸ்லோவில் நிற்கும்போது உடம்பெல்லாம் நடுங்குகிறது, சுமையோடு மசாஃபி மலைப்பாதையில் ஏறும்போது இழுவையின்றித் திணறுகிறது என்றும், பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர் அனைத்தையும் மாற்றிக் கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவிப் பூட்டிய பின்னும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றும், இனி காயிலை மாற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய்.

மாற்றாதே. காயில் கெட்டிருக்க முடியாது என்று நான் வாதிக்கவில்லை. கெட்டிருக்கிறது என்பதற்கு உன்னிடம் இன்னும் ஒரு சாட்சியமும் இல்லை என்றே சொல்கிறேன். அந்த வண்டியின் 22ஆர் எஞ்சினில் ஒரே காயில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்கிறது. அது பலவீனப்பட்டால் நான்கும் சேர்ந்து தள்ளாட வேண்டுமேயன்றி ஒன்று மட்டும் செத்துக் கிடக்க நியாயமில்லை. தள்ளாடுவது நான்குமா, ஒன்றா? உன் கடிதத்தில் எத்தனையோ பாகங்களின் பெயர் இருக்கிறது, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

பாகத்தை மாற்றிப் பார்ப்பதைப் பரிசோதனை என்று நம் தொழிலில் பலரும் எண்ணிவிட்டார்கள். அது பெரும்பாலும் பரிசோதனை ஆவதில்லை. ஒரே நாளில் ஐந்து பாகங்களை மாற்றியவனுக்கு, நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டாலும், மாற்றியவற்றுள் ஒன்று புதிதாகவே பழுதானதாய் வந்திருக்குமோ என்ற சந்தேகம் நீங்காது. நல்ல சோதனை என்பது, அதன் முடிவு இப்படி வந்தால் இந்தக் காரணம் விலகும், அப்படி வந்தால் அந்தக் காரணம் விலகும் என்று செய்வதற்கு முன்பே நீ சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த வியாபாரி நாள்தோறும் அந்த வண்டியால் பிழைக்கிறவர். உன் அனுமானங்களுக்கு அவர் காசு கொடுப்பது தர்மம் அல்ல.

ஆகையால் முதலில் சிலிண்டரைக் கண்டுபிடி. எஞ்சின் சூடேறி ஸ்லோவில் ஓடும்போது, நல்ல இன்சுலேஷன் உள்ள குறட்டால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார். கழற்றிய வயரை அந்தரத்தில் விடாமல் ஓர் உதிரி பிளக்கில் செருகி எஞ்சினோடு எர்த் ஆக்கிவிடு, இல்லையெனில் வெளியேற வழியற்ற மின்னழுத்தம் காயிலையும் இக்னைட்டரையும் கெடுத்து, நீ தேடாத வியாதி ஒன்றைப் புதிதாக உண்டாக்கும். எந்த வயரைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாறுதலே தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை. நான்கிலும் ஓட்டம் ஒரேபோலத் தாழ்ந்தால், நான்குக்கும் பொதுவானவற்றையே சந்தேகிக்க வேண்டும்: கார்புரேட்டர், காயில், டைமிங் செயின், மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ பிரேக் பூஸ்டர் ஹோஸிலோ ஏர் இழுப்பது. பூஸ்டர் ஹோஸை நெரித்துப் பிடித்தாலே ஸ்லோ சீராகிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு சிலிண்டர்தான் என்று தெரிந்தால் அதன் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்று. மிஸ்ஸிங் பிளக்கோடு கூடப் போனால் பிளக்கே குற்றவாளி. இருந்த இடத்திலேயே இருந்தால் பிளக் நிரபராதி, அதைப் பற்றி மறுபடியும் யோசிக்கவே வேண்டாம். வயர்கள் புதியவை என்று எழுதியிருக்கிறாய். புதியவை என்பதால் நல்லவை ஆகிவிடா. மீட்டர் வைத்து அள. ஒரு வயரின் தடை 25 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது. பிளக் இடைவெளி 0.8 மில்லிமீட்டர். இரவில், ஷார்ஜாவின் கடற்காற்று ஈரம் படிந்திருக்கும் வேளையில், விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், கேப்பிலோ வயரிலோ கசிகிற மின்சாரம் நீலப் பொறியாகக் கண்ணுக்கே தெரியும்.

இனி நான் மிகுதியாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லோவில் நடுக்கம், ஏற்றத்தில் திணறல் என்னும் இரண்டையும் ஒரே நோயின் இரு குறிகளாக நீ கொண்டிருக்கிறாய். அப்படி இருக்கலாம், ஆயினும் என் அபிப்பிராயத்தில் அவை இரு வேறு நோய்களாக இருப்பதற்கே இடம் அதிகம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை நிறைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூடப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில்தான் பலவீனமான வயரும் விரிசல் விட்ட கேப்பும் தங்கள் குணத்தைக் காட்டுகின்றன. ஸ்லோவில் மட்டும் நடுங்கி வேகத்தில் சீராகும் எஞ்சினிலோ பெரும்பாலும் ஏர் இழுக்கிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. ஏனெனில் ஓட்டம் மெதுவாக இருக்கும்போதுதான் அழுத்தம் கசிந்து வெளியேறப் போதிய அவகாசம் கிடைக்கிறது. இவ்விரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்துவிட்டால், ஒன்றைச் சரியாகத் தீர்த்தவன்கூட, மற்றது மிஞ்சியிருப்பதைக் கண்டு, தான் செய்த நல்ல வேலையே தவறு என்று நினைத்து அதைக் கலைத்துவிடுகிறான். தீராத மிஸ்ஸிங் என்று பட்டறை பட்டறையாக அலைகிற வண்டிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

டேப்பட் சத்தமே இல்லை, ஆகவே வால்வுப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னைக் கவலைப்படச் செய்தது. 22ஆர் எஞ்சினில் டேப்பட் இடைவெளி தானாகச் சரியாவதில்லை, மனிதன்தான் வைக்க வேண்டும்: சூடான எஞ்சினில் இன்லெட்டுக்கு 0.20, எக்ஸாஸ்டுக்கு 0.30 மில்லிமீட்டர். இடைவெளி சரியாக இருந்தால் மெல்லிய டிக் டிக் ஒலி கேட்டே தீரும். எக்ஸாஸ்ட் வால்வு நாளடைவில் தன் சீட்டில் அமிழ்ந்து போகப்போக அந்த இடைவெளி குறைகிறது, ஒலியும் அடங்குகிறது, முதலாளி மகிழ்கிறார். கடைசியில் இடைவெளி அற்றுப்போய், வால்வு சீட்டில் முழுவதும் அமராத நிலை வருகிறது. எரிதலின் சூட்டில் பெரும்பகுதியை வால்வு தன் சீட்டின் வழியாகத்தான் இறக்கிவிடுகிறது. சீட்டோடு தொடுகை அற்ற வால்வு சூட்டை இறக்க வழியின்றி விளிம்பில் எரியத் தொடங்குகிறது. முதல் நிலையில் ஃபீலர் கேஜும் சிறிது பொறுமையும் போதும், அடுத்த நிலையில் ஹெட்டையே கழற்ற வேண்டும். இடையில் வீணாக்கப்படும் நாட்களில் புதுக் காயில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பார்.

எனவே டேப்பட்டை அளந்து, அளந்த எட்டு எண்களையும் எழுதிக்கொண்ட பிறகே திருத்து; திருத்திவிட்டு எழுதினால் சாட்சியம் அழிந்துபோகும். அதன்பின் நான்கு பிளக்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரின் கனெக்டரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி கம்ப்ரஷன் பார். நல்ல எஞ்சினில் 171 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். 142க்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 14க்கு மேல் வித்தியாசமும் ஆகாது. குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பார்; எண் உயர்ந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன, உயராவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த ஊரின் வெயிலில் ஒருமுறையாவது கொதித்த எஞ்சினா என்று வியாபாரியைக் கேள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வெள்ளைப் புகையோடு மிஸ்ஸிங் அடித்துச் சில நிமிஷங்களில் தெளிகிறதா என்பதையும் கேள். இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் குறைவு.

கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திரு. அளந்து பார்த்து நல்லதாக இருப்பதைத் திரும்பப் பூட்டி, புதியதன் விலையை வியாபாரியின் கணக்கில் கழித்துவிடு. ஸ்லோ சீரான பிறகும் வண்டியை உடனே ஒப்படைத்துவிடாமல், அவர் வழக்கமாக ஏற்றும் சுமையோடு அதே மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார். அங்கே இன்னும் திணறினால், இரண்டாம் காரணத்தைத் தீப்பொறிப் பக்கத்தில் தேடலாம். அப்போது காயிலையும் மீட்டர் வைத்து அள, நான் தடுக்க மாட்டேன். டேப்பட்டின் எட்டு எண்களையும் கம்ப்ரஷனின் நான்கு எண்களையும் எனக்கு எழுது. அவை வரும்வரை ஹெட்டில் கை வைக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்