வைஃபை பிடிக்காத பேசும் திரை: பழுதென்று சொல்லுமுன் ஐந்து சோதனைகள்



வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருபவர்களின் பெட்டிகளில் இப்போது ஸ்மார்ட் டிஸ்ப்ளே என்னும் பேசும் திரையும் இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2018இல் ஹோம் ஹப் என்று வெளியிட்டு 2019இல் நெஸ்ட் ஹப் என்று பெயர் மாற்றியது ஒரு வகை. அமேசோனின் எக்கோ ஷோ இன்னொரு வகை. தொழுகை நேரம் கேட்கவும், கடைக் கமெராவை வீட்டிலிருந்து பார்க்கவும் இதை வைத்திருக்கிறார்கள்.

முள்ளியவளையில் எங்கள் பக்கத்திலும் இவை வந்துவிட்டன. சில மாதங்களில் “இது வேலை செய்யுதில்லை, வந்த விலைக்கு எடுங்கோ” என்று கடைக்குக் கொண்டுவருகிறார்கள். நான் பார்த்தவற்றில் அனேகமானவற்றில் திரைக்கு ஒரு குறையுமில்லை. வைஃபை இணைப்பில்தான் சிக்கல். இது தெரியாதவர் பொருளை இழக்கிறார். தெரிந்தும் சொல்லாத வியாபாரி அதைவிடப் பெரியதை இழக்கிறார். ஆகவே இந்த வாரப் பாடம் இதுதான்.

1. எங்கே தடை என்று பிரித்துப் பாருங்கள்

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது ரவுட்டருக்கும் திரைக்கும் இடையிலான பாதை. இன்டர்நெட் என்பது ரவுட்டருக்கு வெளியிலிருந்து வருவது. உங்கள் கைத்தொலைபேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் இணைத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறவுங்கள். தொலைபேசியிலும் வராவிட்டால் திரையில் கைவைக்க வேண்டாம். டேட்டா முடிந்திருக்கலாம், பில் கட்டாமல் இருக்கலாம், லைனில் கோளாறு இருக்கலாம். தொலைபேசியில் வந்து திரையில் மட்டும் வராவிட்டால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

2. கரண்ட் வந்த பின் ஒழுங்காக எழுப்புங்கள்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். இன்றும் மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போய் வருகிறது. கரண்ட் வந்ததும் திரை விரைவில் விழித்துவிடும், ரவுட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் தேடிக் களைத்த திரை சிலவேளை இணையாமலே நின்றுவிடும். இரண்டையும் கழற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து முதலில் ரவுட்டரைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பின் திரையைப் போடுங்கள்.

ரவுட்டருக்கு மட்டும் சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை குறையும். வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்டா 12 வோல்டா என்று பாருங்கள். பொருந்தாததைக் கொடுத்தால் ரவுட்டர் கெட்டுவிடும்.

3. இடத்தையும் அலையையும் பாருங்கள்

எங்கள் பகுதியில் முன்னால் கடை, பின்னால் வீடு. ரவுட்டர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், திரை பின் அறையில். இடையில் கொங்கிறீட் சுவர், இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி. வைஃபை அலைக்கு இரும்பும் தகரமும் பெரிய தடை. முதலில் திரையை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே பிடித்தால் திரை நல்லது, தூரந்தான் பிரச்சினை. ரவுட்டரை உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

ரவுட்டர்கள் பலவற்றில் 2.4, 5 என்று இரண்டு அலைகள் உண்டு. 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. பின் அறைக்கு 2.4 நல்லது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4இல் இடையூறு செய்யும், அதற்குப் பக்கத்தில் திரையை வைக்க வேண்டாம்.

4. பெயரும் பாஸ்வேர்டும் மாறினவா?

ரவுட்டரை மாற்றினாலோ பாஸ்வேர்டை மாற்றினாலோ திரைக்கு அது தெரியாது. எக்கோ ஷோவில் மேலிருந்து கீழாக விரலால் இழுத்து, செட்டிங்ஸில் நெட்வேர்க்கைத் தெரிந்து புதியதைக் கொடுக்கலாம். நெஸ்ட் ஹப்பில் தொலைபேசியிலுள்ள கூகுள் ஹோம் செயலி மூலம் பழைய வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் இணைக்க வேண்டும். அப்போது தொலைபேசியில் புளூடூத்தும் லொகேஷனும் திறந்திருக்க வேண்டும், விபிஎன் இருந்தால் நிறுத்த வேண்டும்.

இதைவிட இலகுவான வழி ஒன்றுண்டு. புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் ஓர் எழுத்தும் மாறாமல் வைத்துவிடுங்கள். பாதுகாப்பு முறையும் பழையபடி இருந்தால் திரை, கமெரா எல்லாம் தாமாகவே இணைந்துவிடும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பவர்கள் ‘கெஸ்ட்’ என்ற தனி இணைப்பைக் கொடுங்கள். அப்போது சொந்தப் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றத் தேவையில்லை.

5. கடைசியாகத்தான் ரீசெட்

நெஸ்ட் ஹப்பின் பின்புறம் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துச் சுமார் 10 விநாடி அழுத்த வேண்டும். எக்கோ ஷோவில் மைக்கை நிறுத்தும் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சுமார் 15 விநாடி. எல்லாம் அழிந்துவிடும் என்பதை உரியவரிடம் சொல்லி, அனுமதி பெற்றுச் செய்யுங்கள்.

வியாபாரிக்குரிய பாடம்

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. விற்பவர் குறையை மறைப்பதற்கு அது தடை. அதேபோல், வாங்குபவர் பொருளில் இல்லாத குறையைச் சொல்லி விலையை அடிப்பதும் ஏமாற்றுத்தான். ஐந்து நிமிடத்தில் சரிவரும் என்று தெரிந்துகொண்டே, “போர்ட் எரிஞ்சு போச்சு” என்று கால் விலைக்கு எடுப்பவர் என்ன இலாபம் கண்டார்? அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை அல்குர்ஆன் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை தராசுக்கு மட்டுமானதல்ல.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. பார்க்கும் முன்பே கூலியைச் சொல்லிவிடுவேன். உரியவர் முன்னால் வைத்துப் பார்ப்பேன். திரை நல்லதென்றால் நல்லதென்றே சொல்வேன். அதற்குப் பிறகும் விற்க விரும்பினால் நல்ல பொருளின் விலையில் பேசுவோம்.

பழைய திரையை வாங்கி விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் உரியவரின் கணக்கு, குடும்பப் படங்கள், தொடர்பு இலக்கங்கள் இருக்கலாம். அவரைக் கொண்டே செயலியிலிருந்து நீக்கச் செய்து, ரீசெட் செய்த பின் மட்டும் அடுத்தவர் கையில் கொடுங்கள். அது பொருளோடு சேர்ந்து வந்த அமானிதம்.

சிறிய ஊரில் ஒரு சொல் மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். “அந்தக் கடையில் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்” என்ற பெயர்தான் எங்களுக்குப் பெரிய முதல். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.